மைனஸ் நாலு புள்ளி நாலு ஏழு

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி, டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு கல் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. எங்கள் தெரு ஜாய்ஸ் அக்கா அங்கே பதினேழு வருடமாகப் பாறைகளைப் பற்றி ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு பாறையைக்கூட அவர் கையால் தொட்டதில்லை.

இது எப்படி என்று அவர் விளக்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது.

மாடியில் இரண்டு அறை. பின்னறையில் காஜிமார் தெரு பரீத் இருப்பார். வருகிற கல்லை இடித்துப் பொடியாக்குவது, உலையில் எரிப்பது, அமிலம் ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் பத்து எண்களை எழுதி முன்னறைக்கு அனுப்புவார். இத்தனை சதவீதம் சுண்ணாம்பு, இத்தனை மக்னீசியா, இத்தனை சிலிக்கா, இத்தனை அலுமினா, இத்தனை கரியமில வாயு. முன்னறையில் ஜாய்ஸ் அக்கா அந்தப் பத்து எண்களை வைத்துக்கொண்டு, அந்தப் பாறைக்குள் என்னென்ன கனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்வார்.

“கல்யாண வீட்டு வாசல்ல கெடக்குற செருப்ப மட்டும் பாத்து, உள்ள யார் யார் இருக்காங்கன்னு சொல்ற மாதிரி” என்பார் அக்கா. “பரீத் தம்பி செருப்ப எண்ணித் தரும். எது எதோட ஜோடின்னு நான் சொல்லணும்.”

பாறைக்குள் சுண்ணாம்பு தனியாக இருக்காது. கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சைட் என்ற கனிமமாக இருக்கும். கூடவே மக்னீசியாவும் சேர்ந்தால் அது டோலமைட், கெட்டியான கல். அலுமினாவும் சிலிக்காவும் தண்ணீரும் சேர்ந்தால் களி. யாரை முதலில் ஜோடி சேர்ப்பது, யாரை அடுத்து என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கடைசியில் ஜோடி இல்லாமல் மிஞ்சுகிற சிலிக்கா மணல். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் செருப்பு எண்ணிக்கை எப்போதும் சரியாக வருவதில்லை. சில சமயம் ஏதாவது ஒன்று குறையும். மதுரையைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வெள்ளை முடிச்சுகளாகச் சுக்காம்பாறை என்கிற சுண்ணாம்புக் கல் வரும். அதனால் அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மக்னீசியா எவ்வளவு வந்தாலும் அதைச் சுண்ணாம்போடு சேர்த்து டோலமைட் என்று எழுதிவிடுவார்கள். அதற்குத் தேவையான வாயு சீட்டில் இல்லையென்றால், பொடி திறந்து கிடந்தபோது வாயு பறந்துபோயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, குறைந்ததை நிரப்பி நூறாக்கிவிடுவார்கள். பரீத் அந்த வாயுவுக்கு ஒரு பேர் வைத்திருந்தார். கல்லோட மூச்சு.

“மூச்சு பத்தலக்கா” என்பார் சீட்டை நீட்டி. “நீங்களே ஊதி நெப்பிக்கங்க.”

இருவரும் சிரிப்பார்கள். பதினேழு வருடம் அது ஒரு சிரிப்பாக மட்டுமே இருந்தது.

போன பங்குனிக்கு முந்தின பங்குனி, ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் கீழே டயர் கடைச் சத்தமும் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் பரீத் ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா கால்குலேட்டரைத் தட்டினார். சுண்ணாம்பு 8.40. மக்னீசியா 4.10. இரண்டுக்கும் சேர்த்து வேண்டிய வாயு 11.07. சீட்டில் இருந்தது 6.60.

மைனஸ் 4.47.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும். வாயு அவ்வளவு குறைந்த பாறை அவர் வேலையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தது. பீரோவைத் திறந்து, எட்டு வருடத்துக்கு முந்தைய கட்டைத் தேடி எடுத்தார். சுண்ணாம்பு 8.40. மக்னீசியா 4.10. வாயு 6.60. அலுமினா, சிலிக்கா, எரித்தபின் குறைந்த எடை, பத்து எண்ணும் இரண்டாவது புள்ளிவரை அப்படியே இருந்தன. இரண்டு தாளிலும் அனுப்பியவர் பெயர் ஒன்றுதான். வீரணன், திருவாதவூர்.

“தம்பி, பழைய சீட்டப் பாத்து எழுதிட்டியா?”

பரீத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “அல்லா மேல ஆணையா இன்னைக்குக் காலைல நான் எரிச்சதுக்கா. ஒரே பொடிய ஒரே நாள்ல ரெண்டு தடவ போட்டாலே கடைசிப் புள்ளி மாறும். இது எப்புடி மாறாம வந்துச்சு?”



படிவத்தில் ஒரு செல்போன் எண் இருந்தது. அக்கா கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தார்.

“வீரணன் அய்யா இருக்காங்களா? விளாங்குடில கல்லு டெஸ்ட் பண்ற எடத்துல இருந்து பேசுறேன்.”

“அவுக செத்து எட்டு வருசமாச்சுத்தா” என்றது அந்தக் குரல். “நான் அவுக வீட்டுக்காரி, செல்லத்தாய். பட்டா இன்னும் அவுக பேர்லதான் கெடக்கு. பட்டாவுல உள்ள பேரத்தான் எழுதணும்னு அங்க இருந்த தம்பி சொன்னாப்ல. அதான் அவுக பேரப் போட்டோம்.”

அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “கல்லு எங்க எடுத்தீங்கம்மா?”

“கல்லு எங்க எடுக்க? அந்தக் கெணத்துக்குள்ள ஒரு பய எறங்க மாட்டேங்குறான். அப்ப நீங்க டெஸ்ட் பண்ணிட்டு மிச்சப் பொடிய ஒரு கவர்ல போட்டுக் குடுத்தீகள்ல? அது ட்ரங்குப் பெட்டியில இருந்துச்சு. அதத்தான் குடுத்து விட்டேன்.”

பிறகு அக்கா கேட்காமலே செல்லத்தாய் சொன்னார். கிணறு தோண்டுகிறபோது, இது களி மாதிரி இருக்கிறது, சிமெண்ட் உறை இறக்கலாம் என்று ஆட்கள் சொன்னார்கள். வீரணன் பரிசோதனைக்கூடத்துக் காகிதத்தைக் காட்டினார். அதில் கெட்டிப் பாறை என்று போட்டிருந்தது. உறை இல்லாமல் முப்பது அடி போனார்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் அவர் உள்ளே இருக்கும்போது சுவர் சரிந்தது.

“உங்களக் குத்தம் சொல்ல முடியுமாத்தா? காயிதம் சரியாத்தான் இருந்துச்சு. பாறைதான் மாறிருச்சு” என்றார் செல்லத்தாய். “இப்ப மகன் பாண்டியராஜன் அதே கெணத்த வெட்டணும்னு நிக்கிறான். வெட்டுற ஆளுக காயிதம் இருந்தாத்தான் எறங்குவோங்குறாங்க. திங்கக்கெழம வாராங்க. அதுக்குள்ள குடுத்துருவீகள்ல?”

அக்கா போனை வைத்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த முறை மக்னீசியாவைத் தொடாமல், சுண்ணாம்புக்கு மட்டும் வாயுவைக் கொடுத்துப் பார்த்தார். 6.59 வேண்டும். இருப்பது 6.60. செருப்பு சரியாக இருந்தது. ஒரு மூச்சும் எங்கேயும் பறந்துபோகவில்லை. மக்னீசியா சுண்ணாம்போடு இல்லவே இல்லை. அது களிக்குள் உட்கார்ந்திருந்தது. மக்னீசியா உட்கார்ந்த களியில், தண்ணீர் பட்டால் வீங்குகிற வகை உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் ‘டோலமைட் பதினெட்டே முக்கால் சதவீதம், கெட்டிப் பாறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்தில், அந்தக் கல் இருந்ததே இல்லை.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு தாளும் ஒரே சமயத்தில் மேலே எழும்பின. அக்கா கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

கூடத்தின் உரிமையாளர் சூர்யபிரகாஷ் சாயங்காலம் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அதே கல்லு, அதே ரிப்போர்ட். தேதிய மட்டும் மாத்துங்க ஜாய்ஸ்” என்றார்.

“அந்த ரிப்போர்ட் தப்பு சார்.”

“எட்டு வருசமா யாரும் தப்புன்னு சொல்லலயே.”

“சொல்ல வேண்டியவர் செத்துட்டாரு சார்.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “களி வீங்கும்னு கணக்குதான சொல்லுது? கண்ணால பாத்தீங்களா? பாக்காம எழுதி நம்மள மாட்டி விடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது நியாயமாகத்தான் இருந்தது என்று அக்கா சொன்னார். அவர் கண்ணால் எதையும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பின்னறைக்குப் போனார். பரீத் மீதிப் பொடியை எடுத்து வைத்திருந்தார். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். அக்கா முதல் தடவையாக ஒரு பாறையை விரலால் தொட்டார். முகப்பவுடர் போல மிருதுவாக இருந்தது; விரல் ஈரத்தில் உடனே ஒட்டிக்கொண்டு, உதறினால் போகவில்லை. இரண்டு கண்ணாடி அளவைக் குழாய்களில் பத்துப் பத்து கிராம் போட்டார்கள். ஒன்றில் சீமெண்ணெய் ஊற்றினார்கள், ஒன்றில் தண்ணீர். சீமெண்ணெயில் எந்தக் களியும் வீங்காது. ஒரு நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

சீமெண்ணெய்க் குழாயில் பொடி அடியில் படிந்து அப்படியே கிடந்தது. தண்ணீர்க் குழாயில் மதியத்துக்குள் ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. பரீத் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்து குனிந்து பார்த்தார்.

“அக்கா, இது என்னமோ எந்திரிச்சு வர்ற மாதிரி இருக்குக்கா.”

“சும்மா இரு தம்பி.”

“எட்டு வருசமாப் பெட்டிக்குள்ள கெடந்துச்சே. தண்ணியக் கண்டதும் எப்புடிக் குடிக்குது பாருங்க.”

சனிக்கிழமை காலை சீமெண்ணெய்க் கோடு பத்தில் நின்றது. தண்ணீர்க் கோடு இருபத்திரண்டைத் தாண்டியிருந்தது. களியின் மேற்பரப்பில் சின்னக் குமிழி ஒன்று வந்து, உடைந்தது. பிறகு இன்னொன்று. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பொடிக்குள் சிக்கியிருந்த காற்றுதான் அது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் குழாயின் வாயைப் பஞ்சு வைத்து மூட அவர் கை போகவில்லையாம்.

அன்றே ரிப்போர்ட்டை எழுதினார். டோலமைட்டுக்கு வாயு மைனஸ் 4.47 என்பதை நிரப்பாமல் அப்படியே ஒரு வரியாகப் போட்டார். அடியில், எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாதபடி, சாதாரணத் தமிழில் இரண்டு வாக்கியம் எழுதினார். ‘மழை பெய்தால் இந்தச் சுவர் நிற்காது. யாரும் உள்ளே இறங்க வேண்டாம்.’ கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. கோயிலில் கொடுத்த ஓலையைக் கைப்பையில் செருகிக்கொண்டு, இரண்டு குழாய்களையும் துணியில் சுற்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினார். திருவாதவூரில் இறங்கி விசாரித்தபோது எல்லாருக்கும் அந்த வீடு தெரிந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் சுவரில் மாலை போட்ட படம். வீரணனுக்கு ஒரு கண் சற்றுச் சின்னது. படத்தில் அவர் எதையோ குறி பார்ப்பது போல இருந்தது. படத்துக்குக் கீழே விளக்கு. விளக்குக்குப் பின்னால், லேமினேட் செய்து சுவரில் சாய்த்து வைத்திருந்தது அந்தப் பழைய ரிப்போர்ட். எட்டு வருட எண்ணெய்ப் புகையில் தாள் பழுப்பாகியிருந்தது. அக்காவின் கையெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“அவுக கடைசியாக் கையில வச்சிருந்த காயிதம்த்தா” என்றார் செல்லத்தாய். “அதான் அங்கன வச்சிருக்கோம்.”

பாண்டியராஜன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இருபத்தேழு வயது. ரிப்போர்ட்டை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு மடித்தான். “நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் நான் எறங்குவேன்க்கா. அப்பா சொல்லிட்டாரு.”

“அப்பா எப்புடிச் சொன்னாரு?”

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினான். மோட்டார் ரூம் சாவி. வீரணன் அதை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். உடலை எடுத்தபோது கயிறு இருந்தது, சாவி இல்லை. போன தை மாதம் கிணற்று மேட்டிலிருந்து பத்தடி தள்ளி, தரையில் வெடித்திருந்த ஒரு பிளவின் உதட்டில், யாரோ எடுத்து வைத்தது போலச் சாவி இருந்தது.

அக்கா தனக்குத் தெரிந்ததை அவனிடம் சொன்னார். “இந்தக் களி மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். அப்புடி வருசா வருசம் நடக்குறப்ப உள்ள கெடக்குற சாமானக் கொஞ்சம் கொஞ்சமா மேல தள்ளும். கல்லு, ஓடு, எது கெடந்தாலும்.”

“உள்ள அவரோட கடப்பாறை இருக்கு. மம்பட்டி இருக்கு. ஒரு செருப்பு இருக்கு. அது எதையும் தள்ளலயே. சாவிய மட்டும் ஏன் தள்ளுச்சு?”

“தெரியலப்பா” என்றார் அக்கா.

பிறகு துணியைப் பிரித்து இரண்டு குழாய்களையும் விளக்குக்கு முன்னால் வைத்தார். எது சீமெண்ணெய், எது தண்ணீர் என்று காட்டினார். பஸ் குலுங்கியதில் தண்ணீர்க் குழாயில் களி இன்னும் ஏறி வாய்க்கருகில் வந்திருந்தது. செல்லத்தாய் அதை உற்றுப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“இது எங்க பெட்டியில இருந்த பொடியா?”

“ஆமாம்மா. நாலு கரண்டி கூட இல்ல. உங்க கெணத்துச் சுவரு முப்பது அடி.” அக்கா நிறுத்தாமல் சொல்லிவிட்டார். “அந்தப் பழைய காயிதம் தப்பு. பாறை மாறல. கணக்குல ஒரு எடம் பத்தல, அத நானா நெப்பிட்டேன். அந்தக் கையெழுத்து என்னோடது.”

செல்லத்தாய் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு லேமினேட் தாளை எடுத்தார். ஒட்டியிருந்த எண்ணெயைத் தலைப்பால் துடைத்தார். அக்கா கையில் கொடுத்தார். “இத நீயே கொண்டு போயிரு” என்றார். கிளம்பும்போது, “தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார்.

பாண்டியராஜன் அக்காவைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனான். உச்சி வெயில். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. தரை முழுக்கக் கை நுழைகிற அளவு பிளவுகள். அக்கா கைப்பையிலிருந்து குருத்தோலையை உருவி ஒரு பிளவுக்குள் விட்டார். மூன்றடி ஓலை முழுதும் போனது. அடி தட்டவில்லை. நுனியைப் பிடித்திருந்த அவர் விரல்கள்மேல் பிளவிலிருந்து குளிர்ந்த காற்று பட்டது. அசைவே இல்லாத அந்த வெயிலில் ஓலை மெல்ல நடுங்கியது. குனிந்ததில் அவர் பேனா பையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

“ஐப்பசில இது அம்புட்டும் மூடிக்கிரும்க்கா” என்றான் அவன். “தடம் தெரியாது.”

“அதான் பயம்” என்றார் அக்கா.

திங்கட்கிழமை நடந்ததைச் செல்லத்தாய் பிறகு போனில் சொன்னார். கிணறு வெட்டும் கோஷ்டியின் தலைவர் விருமாண்டி காகிதத்தை வாங்கி, எண்களைத் தாண்டிக் கடைசி இரண்டு வரியைப் படித்தார். தன் ஆட்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். கயிற்றைச் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பாண்டியராஜன் யார் சொல்லியும் கேட்காமல், மூங்கில் ஏணியை இறக்கித் தனியாக உள்ளே போனான். செல்லத்தாய் மேட்டில் நின்று கத்தவில்லை, அழவில்லை. புதுக் காகிதத்தை விரித்துக் கீழே காட்டிக்கொண்டு நின்றார்.

“ஒரு காயிதத்த நம்பித்தான்டா ஒங்கப்பன் எறங்குனாரு. இந்தக் காயிதத்த நம்பி நீ ஏறு.”

அவன் வெகுநேரம் ஏணியிலேயே நின்றானாம். பிறகு ஏறி வந்தான். ஏணியை எடுக்கவில்லை.

அந்த ஐப்பசியில் கிணறு நான்கு பக்கமும் சரிந்து, ஏணியை விழுங்கிக்கொண்டு மூடியது. உள்ளே யாரும் இல்லை.

சூர்யபிரகாஷ் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை. அக்கா பழைய கட்டுகளை எல்லாம் பிரித்து, மூச்சை நிரப்பி எழுதிய ரிப்போர்ட்டுகளைத் தேடினார். முப்பத்தொன்று இருந்தன. பழைய ரிப்போர்ட் தப்பு, அந்தக் களி வீங்கலாம் என்று முப்பத்தொரு பேருக்கும் போஸ்ட் கார்டு போட்டார். பாதி திரும்பி வந்தன. வில்லாபுரத்திலிருந்து ஒருவர், ‘நீங்கள் எழுதியது சரி, எங்கள் வீட்டுக்குள் வருடா வருடம் கதவு சிக்கிக்கொள்கிறது’ என்று பதில் எழுதியிருந்தார். இப்போது அந்தக் கூடத்து ரிப்போர்ட்டில் ‘குறைவு’ என்று ஒரு வரி உண்டு. அதை யாரும் நிரப்புவதில்லை. பின்னறை ஜன்னலில் எப்போதும் இரண்டு குழாய்கள் நிற்கின்றன.

செல்லத்தாய் இப்போதும் போன் செய்கிறார். தை பிறந்து பிளவு விட ஆரம்பித்ததும் முதல் போன் வரும். “ஒன் பேனா இன்னும் வரலத்தா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இந்தப் பங்குனியில் வந்த போன் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

“வந்திருச்சு” என்றார்.

“பேனாவாம்மா?”

“மூடி மட்டுந்தான். சாவி இருந்த அதே எடத்துல இருக்கு. நான் தொடல. நீ வந்து எடுத்துக்க.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை போவதாக அக்கா சொன்னார். கூட யாராவது வரட்டுமா என்று நான் கேட்டதற்கு, பரீத் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார்.